தானாகத் தேடிக்கொண்டதா?

கேள்வி: 'பாட்டா பாட்டா' பாடிய நம் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா நம்ம பிள்ளை ஒருவரைக் கட்டியவராமே? உண்மையானால், செப்டம்பர் மரபு தின மலரில் 'நம் மருமகள்' என்று அவர் படத்தைப் போடலாம் என எங்கள் சங்கத்தில் பேச்சு நடக்கிறது. ஒரே ஒரு சங்கடம். பாடகி பாட்டோடு நின்றிருக்கலாம், அரசியல் பேசி வினையைத் தானாகத் தேடிக்கொண்டார் என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகர் ஒருவர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: கல்யாணச் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுவோம். உண்மைதான். 1959இல் சன்னி பிள்ளை என்ற பாடகரை மகேபா மணந்தார். அவர் இந்திய வம்சாவளித் தென்னாப்பிரிக்கர். அந்தத் திருமணம் நெடுநாள் நிலைக்கவில்லை. மகேபா வாழ்க்கையில் ஐந்து முறை மணந்தவர். இசைக்கலைஞர் ஹியூ மசெகேலாவும் அமெரிக்கக் கறுப்பர் உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் அந்த வரிசையில் வருகிறார்கள். ஐந்தில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து உறவு கொண்டாட வந்திருக்கிறீர்கள். சரி, கொண்டாடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 1949இல் வந்த கலப்பு மணத் தடைச் சட்டம் வெள்ளையர்கள் மற்றவர்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ஓர் இந்தியரும் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணும் மணந்துகொள்வதை அது தடுக்கவில்லை. தடுத்ததெல்லாம் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள். அதே 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட டர்பன் கலவரத்தில் 142 பேர் செத்துப் போனார்கள், அந்தப் பயம் நம் பாட்டிமாருக்குக் கடைசிவரை போகவில்லை. அது எனக்கும் தெரியும். இருந்தாலும், நாளைக்கே உங்கள் மகள் ஒரு ஜூலுப் பையனைக் கூட்டிவந்து நிறுத்தினால் அந்தப் படமும் மலரில் வருமா? மாப்பிள்ளை உலகப் புகழ் பெறும்வரை காத்திருப்பீர்களா?

அடுத்து உங்கள் பெரியவர்களின் பேச்சு. 'தானாகத் தேடிக்கொண்டார்' என்று அவர்கள் சொன்னது வேடிக்கையான பொருத்தம். மகேபாவின் சொந்தப் பெயர் ஜென்ஸிலே. 'நீயாகத் தேடிக்கொண்டாய்' என்பதுதான் கோசா மொழியில் அதன் பொருள். பிரசவத்தில் மிகவும் கஷ்டப்பட்ட மகளைப் பார்த்துப் பாட்டி முணுமுணுத்த வார்த்தை, பிள்ளைக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆக, உங்கள் பெரியவர்கள் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

அப்படி அந்தப் பெண் எதைத் தேடிக்கொண்டது? பிறந்தது 1932 மார்ச் 4, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில். பிறந்த பதினெட்டாம் நாள் தாயைப் போலீஸ் பிடித்தது. அம்மா வீட்டில் சோள பீர் காய்ச்சி விற்றதுதான் குற்றம். அபராதம் கட்டக் காசில்லை, ஆறு மாதம் சிறை. பால்குடி மறக்காத குழந்தையும் கூடவே உள்ளே போனது. பாட்டும் தெரியாது, அரசியலும் தெரியாது. அரசியல்தான் அந்தக் குழந்தையைத் தேடிக்கொண்டு வந்தது.

பீர் சமாச்சாரம் டர்பன்காரர்களுக்குப் புதிதல்ல. இங்கே நகராட்சியே பீர்க்கடை நடத்திக் காசு பார்த்தது. வீட்டில் காய்ச்சிய பெண்களைப் பிடித்து உள்ளே தள்ளியது. 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் அந்த பீர்க்கடைகளுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டம் போட்ட கேட்டோ மேனர்தான் அது. பின்னால், இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அவர்களை அங்கிருந்து கிளப்பி, உங்கள் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். உங்கள் தாத்தா என்ன அரசியல் பேசினார்?

மகேபா அந்த 1959இல்தான் நாட்டைவிட்டு வெளியே போனார். 'கம் பேக், ஆப்பிரிக்கா' என்ற படத்தில் கொஞ்ச நேரமே வந்து பாடியிருந்தார், அது வெனிஸ் திரைப்பட விழாவுக்கு அவரை அழைத்துப் போயிற்று. அங்கிருந்து லண்டன், பிறகு நியூயார்க். மறு வருஷம் மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், கறுப்பர்கள் பாஸ் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்களைப் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அதே வருஷம் தாய் இறந்த செய்தி வந்தது. ஊருக்குக் கிளம்பியபோதுதான் தெரிந்தது, பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டார்கள் என்று. தாய் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் விடவில்லை. ஒரு கொள்ளி, ஒரு பதினாறாம் நாள் காரியம் தவறிப்போனால் நம் வீடுகளில் எத்தனை வருஷம் அதைச் சொல்லி அழுவோம்!

1963இல் ஐக்கிய நாடுகள் சபையின் நிறவெறி எதிர்ப்புக் குழு முன்னால் போய்ப் பேசினார். தென்னாப்பிரிக்க அரசாங்கத்துக்கு ஆயுதம் விற்காதீர்கள், பொருளாதாரத் தடை போடுங்கள் என்றார். உடனே குடியுரிமை போயிற்று, இங்கே அவருடைய இசைத்தட்டுகளுக்கும் தடை. உங்கள் பெரியவர்கள் குறை சொல்லும் அரசியல் பேச்சு இதுதான். தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட் போனது 1960, சபையில் பேசியது 1963. தண்டனை முதலில் வந்தது, 'குற்றம்' அப்புறம்தான். அவரும் தான் பாடுவது அரசியல் அல்ல, உண்மை என்றுதான் சொல்லிவந்தார்.

அமெரிக்காவும் ஒன்றும் வாழ்த்திக்கொண்டே இருக்கவில்லை. அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபான்டேயோடு சேர்ந்து பாடிய தட்டுக்கு 1966இல் கிராமி கொடுத்தது. 1968இல் கார்மைக்கேலை மணந்ததும் கச்சேரிகளை வரிசையாக ரத்து செய்தது. கினி நாடு இடம் கொடுத்தது. குறை சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் அங்கே சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். எதிர்த்தவர்களைச் சிறையில் சாகவிட்ட கினி அதிபர் செக்கு தூரேயின் விருந்தாளியாக அத்தனை வருஷம் இருந்தார், அவருக்கு எதிராக வாய் திறக்கவில்லை. போக்கிடமில்லாதவள் சோறு போட்ட வீட்டைத் திட்டவில்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை.

'பாட்டா பாட்டா'வுக்கு வருவோம். நம் கல்யாண மண்டபங்களில் பிரியாணி முடிந்து டிஜே இதைப் போடாத இரவு உண்டா? 'தொடு தொடு' என்று அர்த்தம், ஒரு நடனத்தின் பெயர், அவ்வளவுதான். 1967இல் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. இத்தனை பாட்டுகள் இருக்க, பெரிய அர்த்தமில்லாத இது போய்ப் பேர் வாங்கியதே என்று அவருக்கே வருத்தம். இன்னொரு பாட்டு 'கொங்கொத்வானே', கோசாக் கல்யாணப் பாட்டு. அதன் நாக்குச் சொடுக்கு ஒலி வாயில் வராத வெள்ளைக்காரர்கள் 'சொடுக்குப் பாட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள். நம் 'முதலி' என்ற பெயரை 'மூட்லி' என்று எழுதிவிட்ட கைகள்தானே! அந்த ஆத்திரம் நமக்குப் புரிய வேண்டும்.

1990 ஜூனில்தான் திரும்பி வந்தார், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில். பிறந்த மண்ணுக்குள் வர இன்னொரு நாட்டின் தாள் தேவைப்பட்டது. 2008 நவம்பரில் இத்தாலியில் காஸ்டெல் வோல்டூர்னோ என்ற ஊரில் ஒரு கச்சேரி. மாஃபியாவைப் பற்றி எழுதி உயிருக்கு ஆபத்தில் இருந்த எழுத்தாளர் ராபர்டோ சவியானோவுக்கு ஆதரவாக நடந்தது. இரண்டு மாதம் முன்புதான் அந்த ஊரில் ஆறு ஆப்பிரிக்கத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 76 வயதில் அங்கே போய்ப் பாடினார். கடைசியாகப் பாடியதும் 'பாட்டா பாட்டா'தான். பாடி முடித்துச் சரிந்தவர் பிழைக்கவில்லை.

ஆகவே படத்தைத் தாராளமாகப் போடுங்கள். 'மருமகள்' வேண்டாம். கீழே ஜென்ஸிலே மிரியம் மகேபா என்று முழுப்பெயர் இருக்கட்டும், பக்கத்திலேயே பெயரின் பொருளும் இருக்கட்டும், பெரியவர்கள் படிப்பார்கள். விழாவில் டிஜேயிடம் 'சொவேட்டோ ப்ளூஸ்' இருக்கிறதா என்று கேளுங்கள். 1976இல் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து சொவேட்டோவில், ஆஃப்ரிகான்ஸ் மொழியில் படிக்க மாட்டோம் என்று தெருவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டதைப் பற்றி மசெகேலா எழுதி மகேபா பாடியது. அதற்கு யாரும் ஆட மாட்டார்கள் என்று டிஜே சொல்லுவார். பரவாயில்லை, போடச் சொல்லுங்கள்.