கேளுங்க சொல்றோம்: வண்டி தானா மேட்டுல ஏறுதாமே?

கேள்வி: லடாக் போன என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பிருக்கான் சார். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல விட்டா கார் தானா மேட்டுல ஏறுது. மலைக்குள்ள காந்தம் இருக்குன்னு சத்தியம் பண்றான், நிஜமா? (வாசகர், திண்டுக்கல்)

மச்சான் பாத்தது நிஜம், காந்தம்தான் டூப்பு. லேல இருந்து கார்கில் போற ரோட்டுல சுமார் 30 கிலோமீட்டர்ல இருக்கு அந்த மேக்னெடிக் ஹில். ரோட்டுல வெள்ளை பெயிண்ட்ல ஒரு கட்டம் போட்டு பக்கத்துல போர்டும் வெச்சிருப்பாங்க, அந்தக் கட்டத்துல நிறுத்தி நியூட்ரல் போட்டா வண்டி மெதுவா நகர ஆரம்பிக்கும். நான் போனப்ப முதல் நிமிஷம் எனக்கே வயித்த என்னமோ பண்ணுச்சு, அப்புறம் பாட்டில் தண்ணிய கொஞ்சம் தார் ரோட்டுல ஊத்திப் பாத்தேன், அதுவும் கார் போன பக்கமே "மேல" ஓடுச்சு! தண்ணிய எந்தக் காந்தம் சார் இழுக்கும்? காரையே இழுக்கற காந்தம்னா என் பாக்கெட்ல இருந்த சாவிக்கொத்துல்ல முதல்ல பறந்திருக்கணும்.

அது சின்ன இறக்கம், அவ்ளோதான். மேடு எது பள்ளம் எதுன்னு பாக்க நம்ம கண்ணு தொடுவானத்த நம்பித்தான் இருக்கு, அங்க நாலா பக்கமும் மலை மறைச்சுக்கிட்டு நிக்குதா, கண்ணு சுத்தி இருக்கற சரிவையே மட்டம்னு எடுத்துக்குது, அப்ப பெரிய சரிவுக்குப் பக்கத்துல லேசா இறங்கற ரோடு ஏறற மாதிரி தெரியுது. 2003ல இத்தாலில பாவ்லா பிரெஸ்ஸான்ங்கற சைக்காலஜி ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் மேஜை மேல குட்டி ரோடு மாடல் செஞ்சு, சின்ன ஓட்டை வழியா ஆளுங்கள பாக்க வெச்சாங்க. மேஜை மேலயே இதே மயக்கம் வந்துச்சு.

ஸ்காட்லாந்துல ஏர்ஷயர்ல எலக்ட்ரிக் ப்ரேன்னு ஒரு ரோடு இருக்கு. அந்தக் காலத்துல கரன்ட்தான் வண்டிய இழுக்குதுன்னு நம்பி வெச்ச பேரு அது. இப்ப அங்க ஒரு கல்லுல இந்த முனை 286 அடி, அந்த முனை 303 அடின்னு உயரத்தையே வெட்டி வெச்சுட்டாங்க. அதப் படிச்சு முடிச்சுட்டும் ஜனங்க ஹேண்ட்பிரேக்க எடுத்து விட்டுப் பாத்துட்டுத்தான் கிளம்பறாங்க!

கேள்வி: கலிஃபோர்னியால பொண்ணு மிஸ்டரி ஸ்பாட்டுக்கு கூட்டிட்டுப் போனா. ஒரு பலகைல இடம் மாறி நின்னதும் மருமகன் குட்டையாயிட்டாரு, நான் உயரமாயிட்டேன். எப்படிங்க? (வாசகி, மயிலாப்பூர்)

சான்டா க்ரூஸ் பக்கத்து ரெட்வுட் காட்டுல இருக்கற இடம்தானே, 2014ல அத மாநில வரலாற்றுச் சின்னமாவே ஆக்கிட்டாங்க. பலகைல ரசமட்டம் வெச்சுக் காட்டுவாங்க, அது மட்டமாத்தான் இருக்கும், சாஞ்சு இருக்கறது பின்னாடி இருக்கற வீடும் சுத்துப்புறமும். சாஞ்ச வேலிய வெச்சு ஆள அளந்தா ஒருத்தர் குட்டை ஒருத்தர் நெட்டைனுதான் தெரியும். ஓரிகன் மாநிலத்துல ஓரிகன் வோர்டெக்ஸ்னு இன்னொன்னு, 1930ல திறந்தாங்க. அந்த வீடு 1904ல தங்கத்த சோதிக்க ஒரு சுரங்க கம்பெனி கட்டின ஆபீஸ், அப்புறம் அஸ்திவாரத்த விட்டு சறுக்கி கோணலா நின்னுருச்சு. இந்த மாதிரி வீட்டுக்குள்ள நம்ம கொத்தனார் தூக்குகுண்டு விட்டாக்கூட அதுதான் சாஞ்சு தொங்கற மாதிரி தெரியும். அடுத்த வாட்டி நூல்ல சாவியக் கட்டித் தொங்கவிட்டு போட்டோ எடுங்க, படத்துல நூல் நேரா நிக்கற வரைக்கும் போனைத் திருப்புங்க. மருமகன் பழைய உயரத்துக்கு வந்துடுவாரு.

கேள்வி: லேல இறங்கின அன்னிக்கே மேக்னெடிக் ஹில் போலாமா? (கல்லூரி மாணவர், சேலம்)

வேணாம் தம்பி. லேயே சுமார் 3,500 மீட்டர் உயரம், ஃப்ளைட்ல போய் இறங்கினா முதல் ரெண்டு நாள் ரூம்ல படுத்துக் கிடக்கணும், இல்லன்னா தலைவலி பின்னிடும். அப்புறம் அது ஹைவே, பின்னாடி லாரியும் ஆர்மி வண்டியும் வந்துகிட்டே இருக்கும், நடு ரோட்டுல நின்னு ரீல்ஸ் எடுக்காதீங்க. அஞ்சு நிமிஷம் பாத்துட்டு அப்படியே நிம்மு வரைக்கும் போங்க, சிந்து ஆறும் ஜான்ஸ்கர் ஆறும் ரெண்டு கலர்ல வந்து சேர்றது அங்கதான்.