ஆளும் பிரசையும்

(கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர் எழுதிய கடிதமும் அதற்கு என் பதிலும். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.)

அன்பின் ஐயா,

நான் பாடசாலையொன்றில் குடியியற் கல்வி கற்பிக்கிறேன். டிசம்பர் 10ஆம் திகதி, மனித உரிமைகள் தினத்தன்று, காலைக் கூட்டத்தில் பேசும்படி அதிபர் பணித்தார். உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் முதலாம் உறுப்புரையை வாசித்து, உரிமைகளும் சுதந்திரங்களும் எல்லாருக்கும் பொதுவானவை என்று விளக்கினேன். பின்னர் வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, “எல்லாருக்கும் எண்டால் எங்கட அம்மம்மாவுக்கும்தானே, சேர்? அவ 2017இலயிருந்து காணாமலாக்கப்பட்ட மாமாவின்ர படத்தோட கந்தசாமி கோயிலடியில போராட்டத்தில போய் இருக்கிறா. அந்தத் தாள் அவவுக்கு என்ன செய்தது?” என்று கேட்டாள். மணி அடித்ததால் தப்பினேன். ‘எல்லாருக்கும்’ என்பது வெறும் அலங்காரச் சொல்தானா? இதை இனியும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தான் வேண்டுமா?

*

அன்பின் ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்களாகின்றன. உடனே எழுதியிருந்தால் ஆறுதலாக ஏதாவது எழுதியிருப்பேன் என்பதால் தாமதித்தேன். மாணவி கேட்டதற்கு நேரான பதில் ஒன்று உண்டு: அந்தத் தாள் அவளுடைய அம்மம்மாவுக்கு எதையும் செய்யவில்லை. இதை அவளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். பரிஸ் நகரில் 1948 டிசம்பர் 10ஆம் திகதி 48 நாடுகள் ஆதரித்தும் 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகியும், எதிர்ப்பு எதுவுமின்றி நிறைவேறிய அந்த 30 உறுப்புரைகள் ஒரு பிரகடனமே. அதற்கென்று நீதிமன்றமோ பொலிசோ கிடையாது. அன்றைக்கு இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமைகூடப் பெற்றிருக்கவில்லை. 1955 டிசம்பரில்தான் சேர்ந்தது.

ஆயினும் 1948ஐ நாம் அவ்வளவு இலேசாகத் தாண்டிப் போக முடியாது. பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை, ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. அது பரிஸ் நகரில் நிறைவேறுவதற்குச் சரியாக 25 நாட்கள் முன்னர், நவம்பர் 15ஆம் திகதி, இலங்கையின் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியிருந்தது. அவர்களுள் எஞ்சியிருந்தோருக்கு முழுமையாகப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 55 ஆண்டுகள்!

இது மலையகத்துக் கதை, வன்னிக்கு என்ன என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். உங்கள் வகுப்பின் வரவு இடாப்பைப் பார்த்தாலே விளங்கும். 1958, 1977 இனக்கலவரங்களில் அடிபட்டு வடக்கே வந்த மலையகக் குடும்பங்கள் காடு வெட்டிக் குடியேறிய இடங்கள்தான் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இன்று நாம் ஊர்களென்று சொல்லும் பல குடியேற்றங்கள். மலையாளபுரம், கிருஷ்ணபுரம், பாரதிபுரம் போன்றவற்றில் வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காணியில் அவர்கள் குந்தியிருந்தார்கள். வயற்காணி வைத்திருந்தவர்களின் வரம்புகளில் கூலிக்கு நின்றார்கள். ‘தோட்டக்காட்டார்’ என்ற இழிசொல்லை அவர்களைக் குறிக்க நாங்கள் பயன்படுத்தியது சிங்களவரிடமிருந்து கற்றதனால் அல்ல.

‘எல்லாரும்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு இடமுண்டு என்று பார்க்க விரும்பினால், பிரகடனத்தை மூடிவைத்துவிட்டு, அடிப்படை உரிமைகளைச் சொல்லும் இலங்கை அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறவுங்கள். அங்கே இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன: ஆள், பிரசை (அதாவது குடிமகன்). சிந்தனைச் சுதந்திரம், சித்திரவதையிலிருந்து விடுதலை, சட்டத்தின் முன் சமத்துவம், எதேச்சையாகக் கைது செய்யப்படாமை ஆகியவை ஆட்கள் எல்லாருக்கும் உரியவை. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாரபட்சம் காட்டப்படாமையும், 14ஆம் உறுப்புரையிலுள்ள பேச்சு, ஒன்றுகூடல், தொழில், நடமாட்டம் முதலான சுதந்திரங்களும் பிரசைகளுக்கு உரியவை. அந்த உறுப்புரையின் இரண்டாம் பந்தியைப் பலர் கவனிப்பதில்லை. வேறெந்த நாட்டினதும் பிரசையாக இல்லாமல், இந்த நாட்டில் நிரந்தரமாகவும் சட்டப்படியும் வசித்துவரும் ஓர் ஆளுக்கு அச்சுதந்திரங்கள் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு தொடங்கியதிலிருந்து 10 ஆண்டுகளுக்கு உண்டு என்று அது சொல்கிறது. பேசவும் நடமாடவும் ஒரு மனிதருக்கு 10 ஆண்டுத் தவணை! யாருக்காக எழுதப்பட்ட பந்தி அது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் வன்னியின் காணிக் கிளைகளில் எழுதுவினைஞராக இருந்தவன். தொண்ணூறுகளில், காணி வழங்க விண்ணப்பதாரர்களை விசாரிக்கும் காணிக் கச்சேரியொன்றுக்கு, 1977 கலவரத்துடன் நுவரெலியாப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மா, அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்திருந்தார். பொலித்தீன் பையொன்றுக்குள் பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள், கிராம அலுவலரின் கடிதம் எல்லாம் இருந்தன. பிறப்புச் சான்றிதழும் பிரசாவுரிமைப் பத்திரமும் இல்லை. ‘பிரசாவுரிமைக்கான அத்தாட்சி இணைக்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பைத் திருப்பியவன் நான்தான். சட்டத்தை நான் மீறவில்லை. அதே வாரத்தில், சான்றிதழ்கள் யாவும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாகச் சொன்ன என் ஊரவர் இருவரின் கோப்புகளைச் சத்தியக் கடதாசியை வைத்து முன்னகர்த்தினேன் என்பதையும் சொல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும். அந்த அம்மா கடதாசிகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கிவைத்துவிட்டு, தர்மபுரம் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

அலுவலகத்துக்கு வெளியே நான் உரிமைகளைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஆகையால், ‘எல்லாருக்கும்’ என்ற சொல் அலங்காரமா என்று நீங்கள் கேட்கும்போது, அதை அலங்காரமாக்கியவர்களுள் நானும் ஒருவன் என்ற இடத்திலிருந்துதான் என்னால் பதில் சொல்ல முடியும். தமக்கு மறுக்கப்பட்டதைக் கேட்பவர்கள் எவருக்கும் அந்தச் சொல் கடினமானதல்ல. தாம் மறுத்ததை நினைவுபடுத்தும்போதுதான் அது கடினமாகிறது. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று, ஹிஜ்ராபுரம் முதலிய இடங்களிலிருந்தும் வடக்கின் ஏனைய பகுதிகளிலிருந்தும் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, பிரகடனத்தின் 13ஆம், 17ஆம் உறுப்புரைகள், அதாவது வசிக்கும் உரிமையும் எதேச்சையாகச் சொத்துப் பறிக்கப்படாதிருக்கும் உரிமையும், அவர்களுக்கும் உரியவைதாம். அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் வாயைத் திறந்தோம்? பயம் இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2009க்குப் பிறகு அந்தப் பயம் நீங்கிய நிலையிலும், திரும்பி வந்த அவர்களுடைய காணிப் பிணக்குகளைப் பற்றி நாம் பேசிய தொனியில் பயம் இருக்கவில்லை.

நடமாட்டச் சுதந்திரத்துக்கு வன்னியில் ஒரு தனி வரலாறே உண்டு. இங்கிருந்து வெளியே போகப் புலிகளிடம் ‘பாஸ்’ என்ற அனுமதிச் சீட்டு எடுத்து, ஆள்பிணை வைத்து, வவுனியாவில் இறங்கியதும் படையினரிடம் இன்னொரு ‘பாஸ்’ எடுத்துத் தங்கிய காலத்தை உங்கள் மாணவர்களின் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வவுனியாப் பாஸ் முறையை எதிர்த்து, சிதம்பரபுரம் அகதி முகாமிலிருந்த ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், தம்முடைய சமத்துவ உரிமையும் நடமாட்டச் சுதந்திரமும் மீறப்பட்டனவென்று 2002இல் தீர்ப்புப் பெற்றார். கட்சியோ ஊர்வலமோ பின்னால் இல்லாத ஒரு முகாம்வாசி அவர். மனித உரிமைகள் தினத்தில் நாம் பரிஸ் நகரைப் பற்றிப் பேசுகிறோம். வவுனியாவிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள சிதம்பரபுரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த வழியும் எல்லாருக்கும் திறந்திருப்பதாக நான் சொல்ல வரவில்லை. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ், கொழும்பிலுள்ள உச்ச நீதிமன்றத்தில், ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். 2009 மே மாதத்தில் போரால் இடம்பெயர்ந்தோரை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிகளுக்குள் இருந்தவர்களிடம் அந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்ல யார் இருந்தார்கள்? இதிலிருந்து தப்ப ஒரு சிறு கதவு உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. இதை உங்கள் பிள்ளைகள் பிரகடனத்தின் முப்பது உறுப்புரைகளுக்கு முன்னரே பாடமாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. இன்னொரு பூட்டும் இருக்கிறது: அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளரைப் பெயர் குறிப்பிடாமல் இறந்தவரின் காணிக்கு மகள்மாருக்கு முன் மகன்மாரை வைத்த அட்டவணை இந்தப் பூட்டின் பாதுகாப்பிலேதான் இருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. பிரகடனத்தின் முதலாம் உறுப்புரையில் ‘ஆண்கள் எல்லாரும்’ என்று படிக்கக்கூடிய வாசகத்தை மாற்றுவித்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. இன்று தமிழில் ‘மனிதப் பிறவியினர் சகலரும்’ என்று நீங்கள் வாசித்துக் காட்டியதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் வாதாட்டம் இருக்கிறது. நம் காணிச் சட்டத்துக்கு அந்தத் திருத்தம் வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இனி உங்கள் மாணவியின் அம்மம்மாவிடம் வருகிறேன். அரசு நிறுவிய அலுவலகத்தின் பெயரில் ‘காணாமற்போன ஆட்கள்’ என்று இருக்கிறது. கோயிலடியில் இருப்பவர்கள் ‘வலிந்து காணாமலாக்கப்பட்டோர்’ என்று விடாமல் திருத்துகிறார்கள். இது சொற்பிடிவாதம் அல்ல. போனவர் தாமாகப் போனவர், ஆக்கப்பட்டவருக்கு ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். படையினரிடம் கையால் பிடித்து ஒப்படைத்த தாய்க்கு இந்த வேறுபாட்டை இலக்கண ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் கேட்பது நட்டஈட்டையோ, மரணச் சான்றிதழையோ அல்ல, ஆளைக் கேட்கிறார்கள். ஆள் உயிருடன் இல்லையென்றால், என்ன நடந்ததென்ற உண்மையைக் கேட்கிறார்கள்.

சட்டத்தில் இதற்குச் சரியான பெயருள்ள வழி ஒன்றுதான்: ஆளை மன்றில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு. இதற்கு 126ஆம் உறுப்புரையின் ஒரு மாத எல்லை கிடையாது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றங்களும் விசாரிக்கலாம் என்பதால் கொழும்புக்குப் போக வேண்டியதுமில்லை. 2009இல் போரின் முடிவில் படையினரிடம் சரணடைந்தவர்களின் குடும்பங்கள் சில 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் இந்த மனுக்களைத் தாக்கல் செய்தன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் விசாரணை நடந்து, ஆண்டுகள் ஓடி, 2022 டிசம்பரில், சரணடைந்த ஒருவரை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்கு மேல் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆள் கொண்டுவரப்படவில்லை. ஆயினும், இங்கே ஒரு ஆள் ஒப்படைக்கப்பட்டார், அவருக்குப் பொறுப்புக்கூற வேண்டியவர் இன்னார் என்று இந்த நாட்டின் நீதிமன்றமொன்று எழுதிய எழுத்து இப்போது இருக்கிறது. அதை எழுதவைத்தவர்கள் ஒன்பது ஆண்டுகள் தவணைக்குத் தவணை பேருந்து ஏறிய பெண்கள். மாணவியின் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிக் கேட்பேன்: தாள் அம்மம்மாவுக்கு என்ன செய்தது என்பதைவிட, அம்மம்மாமார் அந்தத் தாளுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், எழுதியவர்களைவிட இவர்களே அதை நம்பியவர்களாகத் தெரிகிறார்கள்.

கற்பிக்கத்தான் வேண்டுமா என்ற உங்கள் மற்றக் கேள்விக்கு, கற்பியுங்கள் என்பதே என் பதில். ஆனால் வரிசையை மாற்றுங்கள். மூன்றாம் அத்தியாயத்தைத் தமிழில் வாசிக்கக் கொடுத்து, ‘ஆள்’ வருமிடத்தில் ஒரு நிறத்தாலும் ‘பிரசை’ வருமிடத்தில் இன்னொரு நிறத்தாலும் கோடிடச் சொல்லுங்கள். பிறகு, தங்கள் ஊரில் எந்த வீடுகளுக்குக் காணி அனுமதிப்பத்திரம் இல்லை, ஏன் இல்லை என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். அதனால் சில வீடுகளில் உங்களைத் திட்டுவார்கள். திட்டுகிறவர்களில் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்களும் இருக்கக்கூடும்.

அந்த மாணவியைத் தனியே கூப்பிட்டு, அம்மம்மா ஆட்கொணர்வு மனு ஏதும் போட்டிருக்கிறாவா என்று கேட்டுப்பாருங்கள். போட்டிருந்தால், வழக்கு இலக்கத்தையும் சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு வயதாகிறது, அடுத்த தவணைக்கு வவுனியாவுக்குத் துணையாகப் போக வேண்டியவள் அவளாக இருக்கலாம்.