தொட்டிப்பாலத்தின் தூண்கள் ஏன் நீலமாயின?

கேள்வி: திருவட்டாறு பக்கம் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த உருவமாக இருக்கட்டும் என்று மாத்தூர் தொட்டிப்பாலத்தை ஜாவாஸ்கிரிப்டில், கேன்வாஸில் (வலைப்பக்கத்துக்குள் இருக்கும் வரைபலகையில்) வரைகிறேன். சாம்பல் நிறத்தில் 28 தூண்கள், தூணுக்கு ஒரு பிக்சல் கோடு. அத்தனைக்கும் ஒரே தடிமன்தான் கொடுத்தேன். ஆனால் வலக்கோடியில் கடைசி மூன்று நான்கு தூண்கள் மட்டும் வரவர மங்குகின்றன. மேலே தொட்டியின் ஓரத்தை நீலத்தில் போட்டதும் எல்லாத் தூண்களும் நீலமாகிவிட்டன. கீழே ஆற்றை விட்டுவிட்டு வரும் கோடாகப் போட்டேன். 'மறுபடி வரை' பொத்தானை அழுத்தினால் பாலமே விட்டுவிட்டு வருகிறது. கோட்டின் நிறம், தடிமன், உள்நிறம் இவற்றை எங்கே, எப்படிச் சொன்னால் அந்தந்த உருவத்தோடு நிற்கும்?

பதில்: டீச்சர், நல்ல படத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஒரே மாதிரித் தூண் 28, மேலே திறந்த தொட்டி, கீழே ஆறு. கோடு, நிரப்பு, விட்டுவிட்டு வரும் கோடு மூன்றையும் ஒரே படத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மூன்றின் கோளாறும் ஒரே படத்தில் வந்து மாட்டியதும் அதனால்தான்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் சிக்கலே இருக்கிறது. நிறமும் தடிமனும் 'அந்தந்த உருவத்தோடு நிற்கும்' என்று எதிர்பார்க்கிறீர்கள். கேன்வாஸில் அவை உருவத்தோடு ஒட்டுவதில்லை. பிரஷ்ஷோடு ஒட்டுகின்றன.

குளச்சலில் வள்ளத்துக்குப் பெயர் எழுதும் பெயிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சாக்பீஸால் எழுத்தின் கோட்டைப் போட்டுக்கொள்வார். அது வெறும் குறிதான், அதற்கு நிறம் கிடையாது. அப்புறம் பிரஷ்ஷைப் பெயிண்டில் முக்கி, அந்தக் குறியின் மேலேயே இழுப்பார். கேன்வாஸில் மூவ்டூ, லைன்டூ எல்லாம் சாக்பீஸ் வேலை. ஸ்ட்ரோக் என்று சொல்லும்போதுதான் பிரஷ் பலகையில் படுகிறது. ஸ்ட்ரோக்ஸ்டைல், லைன்விட்த் இரண்டும் அப்போது கையில் எந்தப் பிரஷ், எந்தப் பெயிண்ட் என்பதைச் சொல்பவை. சாக்பீஸ் போடும்போது என்ன நிறம் வைத்திருந்தீர்கள் என்பது கணக்கிலேயே வராது.

பழைய சாக்பீஸ் கோட்டைத் துணியால் துடைக்கும் வேலைதான் பிகின்பாத். நீங்கள் துடைக்கவே இல்லை. நீங்கள் தொட்டியின் ஓரத்துக்கு நீலத்தை முக்கி ஸ்ட்ரோக் சொன்னதும், பலகையில் இருந்த எல்லாக் குறிகளின் மேலும் பிரஷ் ஓடியது. 28 தூண்களின் குறிகளும் அங்கேதான் இருந்தன. நீலமாகாமல் என்ன செய்யும்?

வலக்கோடி மங்கியதற்கும் பாதிக் காரணம் இதுவே. இதை நீங்கள் கவனித்துச் சொன்னதை மெச்ச வேண்டும், பலர் பார்ப்பதே இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு ஸ்ட்ரோக் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் பிகின்பாத் இல்லை. அதனால் இரண்டாவது தூணை வரையும்போது முதல் தூணும் மறுபடி வரையப்பட்டது. மூன்றாவதை வரையும்போது முதல் இரண்டும். இப்படியே போய், முதல் தூண் 28 முறை, கடைசித் தூண் ஒரே ஒரு முறை. 28 கோடு வரைய வேண்டிய இடத்தில் கணினி 406 கோடு இழுத்திருக்கிறது.

ஒரே நிறத்தை 28 முறை பூசினாலும் அதே நிறம்தானே வர வேண்டும் என்று கேட்பீர்கள். முழுப் பிக்சலாக இருந்தால் அப்படித்தான். இங்கே பிக்சல் பாதியாகிவிட்டது. கேன்வாஸில் 20 என்ற எண் ஒரு பிக்சலின் நடுவைக் குறிப்பதில்லை. இரண்டு பிக்சலுக்கு இடையே உள்ள வரப்பைக் குறிக்கிறது. கோட்டின் தடிமன் அந்த வரப்புக்கு இருபுறமும் சரிபாதியாகப் பிரியும். ஒரு பிக்சல் கோட்டை 20ல் நிறுத்தினால் இடப்பக்கப் பிக்சலில் அரை, வலப்பக்கப் பிக்சலில் அரை. அரைப் பிக்சலை மட்டும் எரியவைக்கத் திரையால் முடியாது. எனவே இரண்டு பிக்சலையும் பாதி அழுத்தத்தில் பூசிவிடும். ஒரு முறை பூசினால் 50 சதவீதம், அதன்மேல் இன்னொரு முறை பூசினால் 75, மூன்றாம் முறை 87.5. ஐந்தாறு பூச்சில் முழுநிறம் போலத் தெரிந்துவிடும். கடைசி மூன்று நான்கு தூண்கள் மட்டும் படிப்படியாக மங்கியதன் கணக்கு இதுதான். மற்ற தூண்கள் நன்றாக இருந்ததாக நினைத்திருப்பீர்கள். அவையும் சரியில்லை, ஒரு பிக்சலுக்குப் பதில் இரண்டு பிக்சல் தடிமனில் நிற்கின்றன. திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும்.

ஆக, இரண்டு திருத்தம். லூப்புக்குள் ஒவ்வொரு தூணுக்கும் முன் பிகின்பாத். இன்னும் நல்லது, லூப்புக்கு வெளியே ஒரே ஒரு பிகின்பாத் சொல்லி, உள்ளே 28 தூண்களுக்கும் சாக்பீஸ் மட்டும் போட்டு, லூப் முடிந்ததும் ஒரே ஸ்ட்ரோக். எல்லாத் தூணுக்கும் ஒரே நிறம், ஒரே தடிமன் என்றால் இதுவே வேகமானது. அப்புறம், ஒற்றைப்படைத் தடிமன் உள்ள செங்குத்துக் கோட்டை 20க்குப் பதில் 20.5ல் நிறுத்துங்கள். இரட்டைப்படைத் தடிமனுக்கு முழு எண்ணே சரி. சிலர் மொத்தப் படத்தையும் அரைப் பிக்சல் தள்ளிவைத்துவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பிக்சல் கோடு தெளியும், ஆனால் ஆறு பிக்சல் ஓரம் மங்கிப்போகும்.

இப்போது பொத்தான் கதை. ஆற்றுக்காக செட்லைன்டாஷ் என்று சொல்லி 8, 5 என்று கொடுத்திருப்பீர்கள். எட்டு பிக்சல் கோடு, ஐந்து பிக்சல் இடைவெளி. அதை யாரும் திரும்ப எடுக்காத வரை அது பிரஷ்ஷிலேயே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் கிளியர்ரெக்ட் சொல்லிப் பலகையைச் சுத்தம் செய்திருப்பீர்கள். அது பெயிண்டை மட்டும்தான் அழிக்கும். பிரஷ்ஷையும் கழுவாது, சாக்பீஸையும் துடைக்காது. எனவே அடுத்த சுற்றில் தூண்களும் விட்டுவிட்டு வந்தன. செட்லைன்டாஷுக்கு வெறும் பட்டியல் கொடுத்தால் கோடு மறுபடி முழுக்கோடாகும். ஆனால் ஒவ்வொன்றையும் இப்படி நினைவில் வைத்து மாற்றிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமில்லை.

அதற்குத்தான் சேவ், ரீஸ்டோர். சேவ் சொன்னால் அந்த நேரத்துப் பிரஷ்ஷின் நிலை முழுவதும் ஒரு அடுக்கில் போய் உட்காரும்: கோட்டு நிறம், உள்நிறம், தடிமன், முனை, மூலை, இடைவெளி, ஒளிபுகும் அளவு, நிழல், இடமாற்றம் எல்லாம். ரீஸ்டோர் சொன்னால் பழைய நிலை அப்படியே திரும்பும். தூணுக்கு ஒரு ஃபங்ஷன், தொட்டிக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றின் முதல் வரியில் சேவ், இரண்டாவது வரியில் பிகின்பாத், கடைசி வரியில் ரீஸ்டோர் என்று பிள்ளைகளைப் பழக்கிவிடுங்கள். சேவ் இருக்கும்போது பிகின்பாத் எதற்கு என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். சாக்பீஸ் கோடு அந்த அடுக்கில் சேராது, அதனால்தான். நானே இதை அறியாமல் ஒரு முழு ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். படகு எண் ஸ்டிக்கருக்கு டிசைன் செய்யும் ஒரு சின்ன மென்பொருளில் சேவ், ரீஸ்டோர் எல்லாம் கச்சிதமாகப் போட்டும், முதல் எண்ணின் ஓரம் அடுத்த எண்ணின் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தது.

உள்நிறத்துக்கு வருவோம். ஃபில்ஸ்டைல் தனி, ஸ்ட்ரோக்ஸ்டைல் தனி. ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது. இதில் வரிசைதான் முக்கியம். தொட்டியின் ஓரத்துக்கு ஆறு பிக்சல் கொடுத்தால், மூன்று வெளியே, மூன்று உள்ளே. ஓரத்தை முதலில் இழுத்து, அப்புறம் தண்ணீரை நிரப்பினால் உள்ளே உள்ள மூன்றையும் தண்ணீர் மூடிவிடும். ஆறு கொடுத்தும் மூன்றுதான் தெரியும். கலர் கோலம் போடுகிறவர்கள் செய்வதைச் செய்யுங்கள். பொடியைத் தூவி முடித்துவிட்டு, கடைசியில் வெள்ளை மாவால் ஓரத்தை இழுப்பார்கள். முதலில் ஃபில், பிறகு ஸ்ட்ரோக். சாக்பீஸ் கோடு ஒன்றே போதும், இரண்டும் அதையே பயன்படுத்தும்.

இன்னொரு வித்தியாசம்: மூடாத உருவத்தை ஃபில் தானே மூடிக்கொண்டு நிரப்பும். ஸ்ட்ரோக் மூடாது. பெட்டியின் நான்காவது பக்கத்தை விட்டுவிட்டால் நிறம் சரியாக நிரம்பும், ஓரம் மட்டும் ஒரு பக்கம் திறந்திருக்கும். குளோஸ்பாத் சொன்னால் தீர்ந்தது. கடைசிப் பக்கத்தைக் கையால் வரைந்து முடித்தாலும் குளோஸ்பாத் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தொடங்கிய மூலையில் சின்னதாக ஒரு குதறல் தெரியும்.

நான் படித்த காலத்தில் டர்போ சி என்ற பழைய நிரல் மென்பொருள். அங்கே செட்லைன்ஸ்டைல், செட்ஃபில்ஸ்டைல். கோட்டுத் தடிமன் ஒன்று அல்லது மூன்று, வேறு பேச்சே இல்லை. அங்கே ஃபிளட்ஃபில் என்று ஒன்று உண்டு. ஒரு புள்ளியில் பெயிண்டை ஊற்றினால், நாம் சொன்ன நிறத்து ஓரம் வரும்வரை பரவும். ஓரத்தை விட்டுவிட்டு வரும் கோடாகப் போட்டால் மடை திறந்த மாதிரி இடைவெளி வழியாக வெளியேறித் திரை முழுவதும் நிறம் பாய்ந்துவிடும். லேபில் இதற்கு நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கேன்வாஸ் ஃபில்லுக்கு அந்தப் பயம் வேண்டாம். அது பெயிண்ட் கோட்டைப் பார்ப்பதே இல்லை, சாக்பீஸை மட்டும் பார்க்கிறது. உங்கள் பிள்ளைகளில் யாராவது மேற்படிப்பில் டர்போ சி லேபுக்குப் போனால் அங்கே இந்த வித்தியாசம் உதவும்.

ஆற்றுக் கோட்டில் ஒரு பொறி இருக்கிறது. அழகுக்காக, கோட்டு முனையின் வடிவத்தைச் சொல்லும் லைன்கேப்பை ரவுண்ட் என்று வைத்தால், ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் பாதித் தடிமன் அளவுக்கு அரைவட்டம் முளைக்கும். தடிமன் ஆறு, இடைவெளியும் ஆறு என்றால் இரு பக்க அரைவட்டமும் நடுவில் முட்டி இடைவெளியே காணாமல் போகும். இடைவெளி தடிமனைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். இதையே நமக்குச் சாதகமாக்கலாம்: துண்டுக்குப் பூஜ்யம், இடைவெளிக்குப் பத்து, முனை ரவுண்ட் என்று கொடுத்தால் சுத்தமான வட்டப்புள்ளிகளாக வரும்.

பாலத்தை முடித்ததும் பிள்ளைகள் எப்படியும் கோபுரம் வரையத் தொடங்குவார்கள். கூர்மையான கோபுர உச்சி, தடிமனான கோடு என்றால் உச்சி நினைத்ததைவிட உயரமாக ஈட்டி போல நீளும். இன்னும் கூர்மையாக்கி, ஏறக்குறைய 11.5 டிகிரிக்குக் கீழே போனால் திடீரென்று மொட்டையாகிவிடும். மூலை எவ்வளவு நீளலாம் என்று சொல்லும் மைட்டர்லிமிட் என்ற அளவு சாதாரணமாகப் பத்தில் இருப்பதால் வருவது அது. மூலையின் வடிவத்தைச் சொல்லும் லைன்ஜாயினை ரவுண்ட் என்று மாற்றினால் இரண்டு தொல்லையும் நின்றுவிடும்.

வகுப்பில் அதிக நேரத்தைத் தின்னப்போவது எழுத்துப்பிழை. ஸ்ட்ரோக்ஸ்டைல் என்பதை ஆங்கிலத்தில் அடிக்கும்போது இரண்டாவது சொல்லின் முதல் எழுத்து பெரிய எழுத்து. சிறியதில் அடித்தால் ஜாவாஸ்கிரிப்ட் எந்தப் புகாரும் சொல்லாது. அந்தப் பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கி வைத்துவிட்டு, பழைய நிறத்திலேயே வரையும். நிறத்தின் பெயரைத் தப்பாக எழுதினாலும் அதேதான், முந்தைய நிறம் தொடரும். தடிமனுக்குப் பூஜ்யமோ மைனஸோ கொடுத்தாலும் கண்டுகொள்ளாது. 'மாற்றினேன், மாறவில்லை' என்று ஒரு பிள்ளை வந்தால் முதலில் எழுத்தைப் பாருங்கள்.

நிறம் உருவத்தோடேயே ஒட்டியிருக்க வேண்டும், பிறகு ஒரு தூணை மட்டும் தொட்டு நிறம் மாற்ற வேண்டும் என்றால், வலைப்பக்கத்தில் வரைய உள்ள இன்னொரு வழியான எஸ்விஜிக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு கோடும் தன் நிறத்தையும் தடிமனையும் தானே வைத்துக்கொள்ளும். 28 தூணுக்கு அது தாராளமாகத் தாங்கும். ஆனால் பிரஷ் எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிய கேன்வாஸ்தான் நல்லது என்பது என் கட்சி.

செல்போனில் படம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்று அடுத்து எழுதுவீர்கள். போன் திரையில் நாம் சொல்லும் ஒரு பிக்சலுக்கு இரண்டு மூன்று பிக்சல்கள் இருக்கும். பக்கத்தில் தெரியும் அளவை ஸ்டைலில் பழையபடியே வைத்துக்கொண்டு, கேன்வாஸின் அகலம், உயரத்தை அந்த மடங்கில் பெருக்கி, ஸ்கேலையும் அதே மடங்கில் வைத்துவிட்டு வரையுங்கள். அகலத்தை மாற்றும் வேலையை எல்லாவற்றுக்கும் முதலில் செய்துவிட வேண்டும். அதே எண்ணை மறுபடி கொடுத்தாலும் படம், சாக்பீஸ், நிறம், தடிமன், இடைவெளி அத்தனையும் அழிந்து, ஒரு பிக்சல் கறுப்புக் கோட்டுக்கே திரும்பிவிடும்.