சேலத்தில் மாடி வீட்டை வாடகைக்கு விட 11 மாத ஒப்பந்தம் போதுமா?

அஸ்தம்பட்டியில் மாடி வீட்டை முதன்முறையாக வாடகைக்கு விடவிருப்பதாகவும், முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் போதும் என்று தரகர் சொன்னதாகவும் கேட்டிருக்கிறீர்கள். போதாது.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அந்தச் செலவைத் தவிர்க்கப் பிறந்ததே இந்த 11 மாத வழக்கம். ஆனால், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதியாத தாளை நம்பி, பாக்கி வைத்தவர்மீது வழக்குக்குப் போவது வீண் அலைச்சல்.

நம் ஊரில் பத்து மாத முன்பணம் கேட்பது சாதாரணம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகையே சட்டத்தின் வரம்பு. வாங்கிய தொகை, வெள்ளையடிப்புச் செலவு யாருடையது, வாடகை எப்போது எவ்வளவு உயரும் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னாளில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மாடிக்குத் தனி மின் இணைப்பும் வாங்கிவிடுங்கள், ஏனெனில் இரு குடும்பங்களின் பயன்பாடு ஒரே மீட்டரில் சேர்ந்தால், யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறும்.

வருமான வரிக் கணக்கில், நீங்கள் கட்டிய சொத்து வரி போக எஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை ரசீது எதுவுமின்றிக் கழித்துக்கொள்ளலாம்.