பதில்: 1881 நிலச் சட்டத்துக்குப் பிறகும் அயர்லாந்து ஏன் அடங்கவில்லை?

1881 சட்டத்தோடு அயர்லாந்தின் நிலப் பிரச்சினை (நிலக்கிழார்களுக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் இடையிலான மோதல்) தீர்ந்தது என்று எழுதியதால் கட்டுரை திரும்பி வந்துவிட்டது என்கிறீர்கள். தப்பு அந்த ஒரு வரியில்தான்.

பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் அந்தச் சட்டம் நியாயமான குத்தகை, வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு, குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம் என மூன்றைக் கொடுத்தது. ஆனால் குத்தகை பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அதனால் பயனில்லை. அப்போது பாக்கி இல்லாத ஏழை விவசாயி யார்? அதனால்தான் அயர்லாந்து தேசியவாதத் தலைவர் பார்னெல் எதிர்த்தார். அக்டோபரில் அவரைக் கில்மெய்னம் சிறையில் போட்டார்கள். 1882 மே மாதம் அரசோடு சமரசமாகி வெளியே வந்தார். அந்த ஆண்டே பாக்கிக்குத் தனிச் சட்டம் வந்தது.

நிலம் உண்மையில் கைமாறியது 1903 விண்டம் சட்டத்துக்குப் பிறகுதான். அரசே பணம் கொடுத்து நிலக்கிழாரிடம் வாங்கித் தந்தது. அவருக்கு 12 சதவீதம் போனஸ் வேறு! விவசாயி 68½ ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும். பேரன் காலம் வரை கடன்தான், ஆனாலும் பழைய குத்தகையைவிடத் தவணை பெரும்பாலும் குறைவு.

சரி, நிலம் கிடைத்தும் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்ற தன்னாட்சிக் கோரிக்கை ஏன் ஓயவில்லை? சலுகைகளால் அதை மழுங்கடிக்கலாம் என்று பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியினர் கணக்குப் போட்டார்கள். ஆனால் 1879இல் தொடங்கிய நிலக் கழகம் என்ற விவசாயிகள் அமைப்பு போராடியதால் கிடைத்தது என்றே மக்கள் பார்த்தார்கள். என் பார்வையில் முக்கியக் காரணம் இதுதான். தன்னாட்சி மசோதாவோ 1886இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையிலேயே தோற்றது. 1893இல் காமன்ஸைத் தாண்டியும் பிரபுக்கள் சபை 419க்கு 41 என்று கவிழ்த்தது.

அப்புறம், நிலக்கிழாரின் முகவர் பாய்காட்டை ஊரே ஒதுக்கிவைத்து, அவர் பெயரே 'புறக்கணிப்பு' என்ற பொருளில் சொல்லான 'பாய்காட்' கதையை எழுதினால் 1880, மேயோ மாவட்டம் என்று போடுங்கள். கார்க் இல்லை.