மனக்கட்டுப்பாடு இல்லைன்னு யார் சொன்னது?

அன்புள்ள அக்கா,

ரொம்ப நாளா உங்களைப் படிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. எனக்கு வயசு 34. நாலு மாசமா தினமும் ஒரு மணி நேரம் நடக்குறேன். ராத்திரி சாப்பாட்டை சுத்தமா நிறுத்திட்டேன், மத்த வேளையும் அரை வயிறுதான். முதல் ரெண்டு வாரத்துல மூணு கிலோ குறைஞ்சுது, அப்புறம் ரெண்டு மாசத்துல இன்னும் ரெண்டு கிலோ, இப்போ ஒன்றரை மாசமா எடை மெஷின்ல முள்ளு நகரவே இல்ல. நடுராத்திரி எந்திரிச்சு ஃபிரிட்ஜைத் திறந்து கைக்குக் கிடைச்சதை எல்லாம் சாப்பிட்டுட்டு அழுறேன். மனக்கட்டுப்பாடு இல்லைன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது. மாவுச்சத்தைக் குறைக்கிறது நல்லதா, கொழுப்பைக் குறைக்கிறதா, இல்ல பதினாறு மணி நேரம் பட்டினி இருக்கிற முறையா? உடற்பயிற்சி காலைலயா, சாயங்காலமா? ரெண்டு மாசமா பீரியட்ஸும் தள்ளிப்போகுது, டென்ஷனா இருக்கும்னு விட்டுட்டேன். பேர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

தங்கச்சி,

அக்கான்னு கூப்பிட்டுட்ட, அந்த உரிமையில நீன்னே பேசுறேன், கொஞ்சம் திட்டவும் போறேன்.

மாவுச்சத்தா கொழுப்பான்னு கேட்டிருக்க. 2018ல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை வச்சு ஒரு வருஷம் இதைத்தான் பார்த்தாங்க. கொழுப்பைக் குறைச்சவங்க சராசரியா 5.3 கிலோ இறங்கினாங்க, மாவுச்சத்தைக் குறைச்சவங்க 6 கிலோ, இது ஒரு வித்தியாசமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா ரெண்டு பக்கமும் சிலர் இருபது கிலோவுக்கு மேல குறைஞ்சாங்க, சிலருக்கு ஏறவே செஞ்சுது. பட்டினி முறையும் அப்படித்தான், 2022ல 139 பேரை வச்சு வந்த ஆய்வுல, ஒரே அளவு கலோரி சாப்பிடும்போது எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டவங்களுக்கும் நாள் முழுக்கப் பிரிச்சு சாப்பிட்டவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல. காலையா சாயங்காலமா? எந்த நேரத்துல உன்னால விடாம செய்ய முடியுமோ அந்த நேரம். இதுக்கு மேல இதுல யோசிக்க ஒண்ணுமில்ல.

நான் பதில் எழுத உக்காந்தது இதுக்காக இல்ல. "மனக்கட்டுப்பாடு இல்ல, எனக்கும் அப்படித்தான் தோணுது"ன்னு எழுதியிருக்க பாரு, அந்த வரிதான் என்னை உக்கார வச்சுது. கொஞ்ச நாளா என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருந்த விஷயம் அது.

1944 கடைசில, ரெண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்தப்போ, அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்ங்கிறவர் 36 ஆம்பளைங்களை வச்சு ஒரு பட்டினி ஆய்வு பண்ணினார், போர்ல பட்டினி கிடந்தவங்களை எப்படித் திரும்ப மீட்டெடுக்கிறதுன்னு தெரிஞ்சுக்கத்தான். வந்தவங்க யாரு தெரியுமா? ஆயுதம் தூக்க மாட்டோம்னு போருக்குப் போக மறுத்தவங்க. நாடே போர் வெறியில இருக்கும்போது கோழைன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்லைன்னு கொள்கையில நின்னவங்க. உடம்பும் மனசும் திடமா இருக்கான்னு சோதிச்சுதான் சேர்த்தாங்க. இதைவிட மனக்கட்டுப்பாடு உள்ள 36 பேரை எங்க போய்த் தேடுறது?

ஆறு மாசம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,570 கலோரி, கூடவே வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அந்த 1,570ங்கிற எண்ணை நல்லா பாரு, இன்னைக்கு டயட்னு ஆப்ல போட்டுக் குடுக்குற அளவு நிறைய பேருக்கு இதைவிடக் குறைச்சல். உடம்பு எடைல கால்வாசி போச்சு. அது மட்டுமா போச்சு? எந்நேரமும் குளிருது, எரிச்சல், எதுலயும் பிடிப்பில்ல, காம இச்சை சுத்தமா இல்ல. நாள் முழுக்க சாப்பாட்டுப் பேச்சு. சமைக்கிற பழக்கமே இல்லாதவங்க சமையல் புத்தகத்தை உக்காந்து படிச்சாங்க, தட்டை நக்கினாங்க, சிலர் திருட்டுத்தனமா சாப்பிட்டுட்டுக் குற்ற உணர்ச்சியில உடைஞ்சு போனாங்க. ஆய்வு முடிஞ்சு தாராளமா சாப்பாடு குடுத்தப்போ வயிறு முட்ட சாப்பிட்டும் பசி அடங்கலைன்னாங்க. போருக்கு எதிரா நிக்கத் தெரிஞ்சவங்களால பசிக்கு எதிரா நிக்க முடியல. நீ நடுராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்ததுக்கு உன் குணத்தைக் குறை சொல்றியே, அந்த 36 பேரோட குணத்துல என்ன குறை?

எங்க சித்தி இப்படித்தான் இருந்தா. நான் சின்னப் பொண்ணு அப்போ. யார் முன்னாடியும் சாப்பிட மாட்டா, எல்லாருக்கும் பரிமாறிட்டு "எனக்குப் பசிக்கல"ம்பா. ராத்திரி விளக்குகூடப் போடாம அடுப்படில நின்னுக்கிட்டே அவசர அவசரமா சாப்பிடுவா, நான் தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போய்ப் பார்த்திருக்கேன், என்னைப் பார்த்ததும் கையைப் பின்னாடி மறைச்சா. ஒரு வளர்ந்த பொம்பளை, ஒரு குழந்தைகிட்ட, சாப்பாட்டை மறைச்சா. டாக்டர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் "வாயைக் கட்டினா எல்லாம் சரியாகிடும்"னு சொன்னார், குடும்பமே அதைப் பிடிச்சுக்கிச்சு. குறைவா, ஏறுவா, திரும்பக் குறைவா. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் அவளைப் பத்தி அவளே ஒரு படி கேவலமா நினைச்சுக்கிட்டா. அவ பகல் முழுக்க என்ன சாப்பிட்டான்னு எங்க வீட்ல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல, அதனாலதான் உன்கிட்ட சத்தமா பேசுறேன்.

உடம்பு ஒண்ணும் கணக்கு நோட்டு இல்ல, இந்தப் பக்கம் கழிச்சா அந்தப் பக்கம் அப்படியே குறைய. சாப்பாட்டைக் குறைச்சா அது செலவையும் குறைக்கும், பசியை ஏத்தி விடும். அமெரிக்காவுல டிவில எடை குறைப்புப் போட்டி ஒண்ணு நடந்துச்சு, அதுல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சாங்க, முடிவு 2016ல வந்துச்சு. பெரும்பாலானவங்களுக்கு எடை திரும்ப வந்திருந்துச்சு, ஆனா சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரி மட்டும் அவங்க உடம்பளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குக் கிட்டத்தட்ட 500 கம்மியாவே இருந்துச்சு.

முதல் ரெண்டு வாரத்துல போன மூணு கிலோவும் முழுக்க கொழுப்பு இல்லம்மா. உடம்பு கிளைகோஜன்ங்கிற பேர்ல சேமிச்சு வச்சிருக்கிற சர்க்கரை ஒரு கிராம் கரைஞ்சா கூடவே மூணு கிராம் தண்ணி போகும். எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான் வேகமா இறங்கும், அதை அளவுகோலா வச்சுக்கிட்டுதான் பின்னாடி எல்லாரும் மனசு உடையுறாங்க.

நடையும் நீ நினைக்கிற அளவுக்கு எடையைக் குறைக்காது. ஒரு கிலோ கொழுப்புல சுமார் 7,700 கலோரி இருக்கு, சாதாரணமா ஒரு மணி நேரம் நடந்தா 250 கலோரி பக்கம் போகும், அதுலயும் ஒரு பங்கை உடம்பு வேற வேலையில மிச்சம் பிடிச்சுக்கும். அதுக்காக நடையை விட்டுடாத! குறைச்ச எடையை வருஷக்கணக்கா ஏத்தாம வச்சிருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க தினமும் ஒரு மணி நேரம் போல உடம்பை அசைக்கிறவங்கதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனசு எல்லாத்துக்கும் நடை நல்லது. ஆனா நடை மட்டும் போதாது, எடை தூக்குறதோ, உன் உடம்பையே தூக்கிப் பண்ற பயிற்சியோ வாரத்துல ரெண்டு நாளாவது வேணும், இல்லைன்னா கொழுப்போட தசையும் சேர்ந்து போகும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதும் இதான், வாரத்துக்கு 150லருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, கூட ரெண்டு நாள் தசைப்பயிற்சி.

இப்போ திட்டு. மாதவிடாய் ரெண்டு மாசமா தள்ளிப்போகுதுன்னு கடைசில ஒரு ஓரமா எழுதியிருக்க, டென்ஷன்னு நீயே முடிவும் பண்ணிட்ட. அப்படி முடிவு பண்ண உனக்கு என்ன அவசரம்? தீனி போதாதப்போ உடம்பு மொதல்ல நிறுத்தி வைக்கிறதுல இதுவும் ஒண்ணு, மூளைலருந்து சினைப்பைக்குப் போற சிக்னலே குறைஞ்சிடும், அப்படியே விட்டா ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் குறைஞ்சு எலும்பு பலம் போகும். தைராய்டா இருக்கலாம், நீர்க்கட்டியா இருக்கலாம், கர்ப்பமாகூட இருக்கலாம். கிலோவை தினம் எழுதி வைக்கிற, இதை எழுதி வைக்கத் தோணலையா? இந்த வாரமே டாக்டர்கிட்ட போ. போறப்போ நாலு மாசமா என்ன சாப்பிட்டேன்னு ஒளிக்காம சொல்லு, நடுராத்திரி சாப்பிட்டதையும் சேர்த்து. சொன்னதும் சிரிக்கிற டாக்டரா இருந்தா வேற டாக்டரைப் பாரு.

அதுவரைக்கும் ராத்திரி சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பி, தட்டுல போட்டு உக்காந்து சாப்பிடு. ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், பசி தாங்கும், அதை செரிக்கவே அதோட கலோரில 20லருந்து 30 சதவீதம் செலவாகும். பாக்கெட் தீனியைக் குறைச்சுக்கோ. 2019ல கெவின் ஹால்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 20 பேரை வச்சுப் பார்த்தார், சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமமா வச்சும்கூட, தொழிற்சாலையில பதப்படுத்தின சாப்பாடு குடுத்தப்போ அவங்க நாளுக்கு 500 கலோரி அதிகமா சாப்பிட்டாங்க. அவங்களுக்கும் மனக்கட்டுப்பாடு இல்லைன்னு உங்க வீட்ல சொல்வாங்களா, கேட்டுப் பாரு.

ஒரு வாரம் எடை மெஷின் பக்கமே போகாத. டாக்டரைப் பார்த்துட்டு வந்து எனக்கு எழுது, அந்தக் கடிதத்தை இங்க போட மாட்டேன்.