கடலோரக் காரவனில் நாலு நாள்: கேள்வி பதில்

இங்கிலாந்துக் கடலோர ஹாலிடே பார்க்குகளில் வரிசையாக நிற்கும் ஸ்டாட்டிக் காரவனை (ஒரே இடத்தில் நிறுத்திவைத்த, வீடு போன்ற வண்டி) வாடகைக்கு எடுத்து, நாமே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கு வாசுகி அக்கா தந்த பதில்களும்.

சுதா, குரோய்டன்: அக்கா, "6 பெர்த்"னு போட்டிருக்கு. நாங்க ரெண்டு பேர், கொழுந்தனார், மாமியார், ரெண்டு பசங்க. ஆறு பேர்தானே, சரியா இருக்கும்ல?

எண்ணிக்கைக்குச் சரி, தூக்கத்துக்குச் சரிவராது. 6 பெர்த் என்றால் பெரும்பாலும் ஒரு டபுள் அறை, ஒரு ட்வின் அறை, மீதி இருவருக்கு ஹாலில் சோபாவை இழுத்து விரிக்கும் படுக்கை. ட்வின் கட்டில் இரண்டேகால் அடி அகலம்தான் இருக்கும், பெரியவர்கள் புரண்டு படுக்க முடியாது. ஹாலில் படுப்பவர் மற்றவர்கள் டிவியை நிறுத்தும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும், காலையில் முதலில் எழுவதும் அவர்தான். மூன்று அறையுள்ள 8 பெர்த் எடுங்கள். பள்ளி நாட்களில் விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

மாமியாருக்கு முழங்கால் வலி உண்டா? வாசலில் மூன்று நான்கு படிகள் இருக்கும். சரிவுப்பாதையும் அகலக் கதவும் தரையோடு தரையாக ஷவரும் உள்ள காரவன் பல பார்க்குகளில் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். அதை இணையத்தில் தேடாமல் போனில் கேட்டு வாங்குங்கள். கைக்குழந்தையையும் தலைக்கணக்கில் சேர்க்கிற பார்க்குகள் உண்டு, மறைத்துக் கூட்டிப் போகாதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிய வேண்டியதற்காகத்தான் அந்தக் கணக்கு.

பிரபு, மில்டன் கீன்ஸ்: திங்கள் முதல் வெள்ளி வரை ரொம்ப மலிவா இருக்கு. ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுப் போனா என்ன ஆகும்?

மலிவு அதனால்தான். இங்கிலாந்தில் காலை ஒரு செஷன், மாலை ஒரு செஷன் என்று வருகையைக் கணக்கிடுகிறார்கள். பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியில்லாமல் 10 செஷன் போனால் அபராதம் பற்றிப் பள்ளி யோசித்தாக வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை கச்சிதமாக 10 செஷன். 2024 ஆகஸ்டிலிருந்து அபராதம் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 160 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் 80. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளை என்றால் குறைந்தது 320, மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு இரண்டாவது முறை என்றால் 80 சலுகையும் கிடையாது.

ஐந்து வயது முடிந்து அடுத்து வரும் டேர்மிலிருந்துதான் பள்ளி கட்டாயம். அதற்குக் கீழே பிள்ளை உள்ளவர்கள் ஜூன் மாதத் திங்கள்–வெள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இருட்ட ஒன்பதரை ஆகும், நீச்சல் குளத்தில் கூட்டமும் இருக்காது.

ரமணன், ஹரோ: பார்க்கிட்ட நேரடியா எடுக்கிறதா, காரவன் சொந்தக்காரரிட்ட எடுக்கிறதா? சொந்தக்காரர் நல்லாக் குறைச்சுச் சொல்றார்.

குளம், கலைநிகழ்ச்சி, பிள்ளைகளுக்கான விளையாட்டு எல்லாவற்றுக்கும் பாஸ் வேண்டும். சொந்தக்காரர் சொல்லும் விலையில் அது பெரும்பாலும் சேராது. ஆறு பேருக்குப் பாஸ் வாங்கிய பிறகு கூட்டிப் பாருங்கள். கேஸ், கரண்டு, பெட்ஷீட் சேர்த்தியா என்றும் எழுத்தில் வாங்குங்கள். கடல்தான் வேண்டும், பார்க்குக்குள் ஒன்றும் வேண்டாம் என்றால் சொந்தக்காரரிடம் எடுப்பது லாபம், பாத்திரமும் நன்றாக இருக்கும். டவல் யாரிடம் எடுத்தாலும் நீங்களே கொண்டுபோங்கள்.

கவிதா, ஈஸ்ட் ஹாம்: அக்கா, போன தடவை அடுப்பு பத்தவே இல்ல. விட்ட உடனே அணைஞ்சிடும். அரை நாள் சான்ட்விச்லயே ஓடிச்சு.

மூன்று இடத்தைப் பாருங்கள். அடுப்புக்கு மேல் கண்ணாடி மூடி இருந்தால் அது முழுதாகத் தூக்கி நிற்க வேண்டும், பாதி சாய்ந்தாலே கேஸை நிறுத்திவிடும் வால்வு பல அடுப்புகளில் உண்டு. அடுத்தது, குமிழை அழுத்தித் திருப்பிப் பற்றவைத்த பிறகும் 10 முதல் 15 விநாடி அழுத்தியே பிடிக்க வேண்டும். சுடரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பி சூடேறினால்தான் கேஸ் திறந்தே நிற்கும், வீட்டு அடுப்பு மாதிரி உடனே கையை எடுத்தால் அணையும். இரண்டும் சரி, ஆனாலும் எந்த பர்னரும் பற்றவில்லை என்றால் வெளியே நிற்கும் சிவப்பு சிலிண்டர் தீர்ந்திருக்கும். பெரும்பாலும் 47 கிலோ புரொப்பேன். நட்டை நீங்கள் கழற்ற வேண்டாம், ரிசப்ஷனுக்குப் போன் செய்தால் வந்து மாற்றுவார்கள். மாற்றிய பின் குழாயில் காற்று இருக்கும், முதல் ஒரு நிமிடம் பற்றாமல் போக்குக் காட்டும்.

சமைத்து முடித்ததும் சூட்டோடு அந்தக் கண்ணாடி மூடியைச் சாத்தாதீர்கள், வெடித்துச் சிதறும். கேஸ் நாற்றம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு சிலிண்டரை மூடுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தேங்கும். தரையை ஒட்டி இருக்கும் சல்லடைத் துளைகள் அது வெளியேறத்தான், குளிருது என்று துணி திணிக்கக் கூடாது.

மாலதி, லெஸ்டர்: நம்ம சமையல் அங்க ஒத்து வருமா? தாளிச்ச உடனே அலாரம் அடிக்குதுன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க.

அடிக்கத்தான் செய்யும். அடுப்புக்கும் அலாரத்துக்கும் நடுவே சில அடிகள்தான், கூரையும் தாழ்வு. காய்ந்த மிளகாய் கருகின மறுநொடி கத்தும். அதற்காகப் பிளாஸ்டிக் பையைக் கட்டி அலாரத்தை மூடுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம். காரவன் பற்றினால் வெளியேறக் கிடைப்பது மிகக் கொஞ்ச நேரம்.

புகை வரும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போவதுதான் வழி. ஒரு கிலோ வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, 100 கிராம் இஞ்சி பூண்டு விழுது. கடுகு, கறிவேப்பிலை தாளித்து இவற்றைப் போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். மசாலாத் தூளும் அதிலேயே. ஆறியதும் நான்கு பாக்கெட்டாகத் தட்டையாக ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கிலோ கோழி, அல்லது அதே அளவு காய். காரில் போகும்போது இந்தப் பாக்கெட்டுகளே கூல் பாக்ஸுக்கு ஐஸ். அங்கே போய்த் தாளிக்க வேண்டியது ரசமும் சட்னியும்தான். அதற்கும் முதலில் ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, படுக்கையறைக் கதவுகளைச் சாத்திவிட்டு, தீயைக் குறைத்து வைத்துத் தாளியுங்கள்.

இட்லி மாவு புளித்த பிறகு கொண்டுபோங்கள், காரவனின் ராத்திரிக் குளிரில் அது புளிக்காது. டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மூன்று மணி நேர டிராஃபிக்கில் டிக்கி சூடேறினால் மாவு பொங்கி, இறுக்கி மூடிய மூடியையும் தள்ளிக்கொண்டு வரும். சீட்டுத் துணியில் ஊறிய புளித்த மாவு வாடை ஒரு மாதத்துக்குப் போகாது.

அரிசி ஆளுக்கு ஒரு வேளை 100 கிராம் என்று வையுங்கள். ஆறு பேர், நாலு ராத்திரி என்றால் இரண்டரைக் கிலோ போதும், பத்துக் கிலோ மூட்டையை ஏற்ற வேண்டாம். குக்கர், அஞ்சறைப்பெட்டி, வெட்டுகிற கத்தி மூன்றையும் மறக்காதீர்கள், அங்கே இருக்கும் கத்தி தக்காளியை நசுக்கத்தான் உதவும். பெரிய பிரியாணி அண்டாவுக்கு அந்த அடுப்பு தாங்காது. பாத்திரம் பர்னரைத் தாண்டி நீண்டால் சூடு அடியில் பரவிப் பக்கத்துப் பலகையைக் கருக்கும். என் கணக்கில் 24 செ.மீ. வாய் உள்ள பாத்திரம்தான் எல்லை. பிரியாணியைக் கோழி, சோறு எனத் தனித்தனியாக வேகவைத்து ஓவனில் தம் போடுங்கள், கச்சிதமாக வரும்.

அதே மாலதி: மீன் பொரிக்கலாமா அக்கா?

கடலோரம் போய் மீன் பொரிக்காமல் வருவதா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் சோபா, திரை, மெத்தை எல்லாம் அடுப்புக்குப் பத்தடிக்குள். வாடை தங்கிவிட்டால் சுத்தம் செய்யும் கட்டணம் கேட்பார்கள். நிறைய எண்ணெயில் பொரிப்பதையே தடை செய்திருக்கும் பார்க்குகள் உண்டு. மசாலா தடவி ஃபாயிலில் பொதிந்து ஓவனில் வையுங்கள், அல்லது குழம்பு வையுங்கள். மீந்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். கழிவுக் குழாய் காரவனுக்கு அடியில் வெளியே ஓடுகிறது, குளிரில் கொழுப்பு உறைந்து சோற்றுப் பருக்கையோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

நந்தினி, ஸ்லவ்: கெட்டில் போட்டா கரண்டு போயிடுது. பழுதா?

பழுது இல்லை, கணக்கு. பழைய காரவன்களுக்கு 16 ஆம்பியர்தான் வரும். 230 வோல்ட்டில் அது 3680 வாட். கெட்டில் ஒன்றே 3000. அதோடு 700 வாட் ரைஸ் குக்கர் ஓடினால் விளிம்பில் நிற்கும், 2000 வாட் ஹீட்டரோ ஹேர் டிரையரோ சேர்ந்தால் விழும். எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கரண்டுப் பெட்டியில் விழுந்து கிடக்கும் சுவிட்சைத் தூக்குங்கள், பிறகு ஒவ்வொன்றாகப் போடுங்கள். டெஸ்ட் பட்டன் உள்ள சுவிட்ச் விழுந்தால் அது வேறு கதை. எங்கோ ஈரத்தில் கரண்டு கசிகிறது, பெரும்பாலும் அடி நனைந்த கெட்டில். எல்லாம் பிடுங்கியும் சுவிட்ச் நிற்கவில்லை என்றால் ரிசப்ஷனைக் கூப்பிடுங்கள்.

செல்வி, வெம்பிளி: குளிக்கும்போது திடீர்னு பச்சத்தண்ணி வருது.

யாராவது சமையலறைக் குழாயைத் திறந்திருப்பார்கள். வெந்நீர் ஓடும்போதே கேஸில் சூடாகிறது, ஓட்டம் மிகவும் குறைந்தால் பர்னர் அணைந்துவிடும். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் பாத்திரம் கழுவாதீர்கள். சூடு அதிகம் என்று வெந்நீரைச் சொட்டுச் சொட்டாகக் குறைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும், பாய்லரில் சூட்டைக் குறையுங்கள்.

ஜெயந்தன், சட்டன்: ஏப்ரல்ல போறம், குளிருமோ? அதோட, அங்க கடல்ல பிள்ளையளை இறக்கலாமோ?

குளிரும். மலிவான தரத்தில் ஹாலில் மட்டும் கேஸ் ஹீட்டர் இருக்கும், படுக்கையறை ஐஸ் பெட்டி. ஏப்ரல், அக்டோபர் என்றால் எல்லா அறைக்கும் சூடு தரும் சென்ட்ரல் ஹீட்டிங், இரட்டைக் கண்ணாடி ஜன்னலான டபுள் கிளேஸிங் இரண்டும் உள்ள தரமா என்று கேட்டு எடுங்கள். கடலைப் பார்த்த முதல் வரிசைக்குக் கூடுதல் காசு கேட்பார்கள். அந்த மாதங்களில் அது வீண், காற்று முழுதும் அங்கேதான் மோதும். வாசல் கதவு வெளிப்பக்கம் திறப்பது, கையை விட்டால் காற்று பிடுங்கிக் கீலை உடைத்துவிடும். பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

கடல் விஷயத்தில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து தென்கிழக்குக் கரையில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்குப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் மூழ்கி இறந்தார்கள். அன்று அங்கே லைஃப்கார்டு (நீந்துபவர்களைக் காக்கும் காவலர்) இல்லை, அதன் பிறகுதான் போட்டார்கள். பார்த்தால் முழங்கால் தண்ணீரோடு தட்டையாகக் கிடக்கும் கரை அது. ஆபத்தே அதில்தான். தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கும், நடுவே மணல்திட்டு தெரியும், ஆட்கள் அங்கே போய் நிற்பார்கள். கடல் ஏற்றம் வரும்போது தண்ணீர் முன்பக்கமாக வராமல் முதுகுப் பக்கத்துப் பள்ளங்களில் நிறையும். கவனிக்கும்போது கரைக்கும் உங்களுக்கும் நடுவே ஆழம் இருக்கும். ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். நேற்றைய நேரத்தை இன்று நம்பாமல் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். மேற்குக் கடலோரத்தில் பிரீன், வெஸ்டன் பக்கம் போகிறவர்கள் வற்றிய கடலில் தூரமாக நடக்கவே வேண்டாம், மணலுக்கு அப்பால் புதைசேறு.

சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் சர்ஃப் பலகைக்காரர்களுக்கு, முழுச் சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. ரப்பர் படகு, ஊதும் வளையம் எதையும் தண்ணீரில் போடக் கூடாது, நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் போய்விடும்.

ஏப்ரல் கடல் 10 டிகிரியைச் சுற்றி இருக்கும். சட்டென்று விழுந்தால் மூச்சு திணறும், முதல் ஒன்றிரண்டு நிமிடம் நீச்சல் தெரிந்தவருக்கும் கை ஓடாது. தலையைப் பின்னால் சாய்த்துக் காது நனைய மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்காமல் 999 அடித்துக் கோஸ்ட்கார்டு (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள். ஏப்ரலில் பிள்ளைகளைக் கணுக்கால் அளவோடு நிறுத்தி, குளத்துக்குக் கூட்டிப் போங்கள்.

கவிதா மறுபடியும்: மழை வந்தா டிஸ்போசபிள் பார்பிக்யூவ உள்ள கொண்டு வரலாமா, அணைஞ்ச பிறகு?

கூடாது. அணைந்தது போல் தெரியும் கரியும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்ஸைடு விடும். வாடை இருக்காது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெளித்திண்ணை என்றாலும் கதவு, ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். மழை வந்தால் வெளியிலேயே நனைய விடுங்கள், கறியை மட்டும் உள்ளே கொண்டுவந்து கிரில்லில் முடியுங்கள். கேஸ் கிரில் என்றால் கதவைத் திறந்து வைத்தே ஓட்ட வேண்டிய மாடலா என்று மேலே ஒட்டியிருக்கும் குறிப்பைப் பாருங்கள், பல மாடல்கள் அப்படித்தான்.

பிரபு: குப்பையைப் படியிலேயே வெச்சா வந்து எடுத்துப்பாங்களா?

எடுத்துக்கொள்ளும், கடற்காகம். கோழி எலும்பு வாடைக்கு விடியற்காலை நாலு மணிக்கே பையைக் கிழித்துப் புல் முழுக்க இறைத்துவிடும். ராத்திரியே பெரிய தொட்டியில் போட்டு மூடிவிட்டுப் படுங்கள்.